திருஷ்டிக்குக் கட்டிய சவரப் படிகாரம்

1.

அன்று அந்த வாசலில் இருந்தவர்கள்: பெரியநாயகம், அவர் மனைவி மீனாட்சி, மகள் தேவகுமாரி, மீனாட்சியின் தம்பி பெரியசாமி. ஜீப்பில் வந்து இறங்கியவர்கள்: சேலம் செவ்வாய்ப்பேட்டை குழந்தைவேலு, அவர் மகன் சேகர், குழந்தைவேலுவின் அக்கா பாவாயி. ஜீப்பை ஓட்டிவந்த மஞ்சக்குட்டை மாதையனையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். கதை ஊருக்குள் போனது அவரால்தான். கூட இருந்து பார்த்ததாகச் சொல்லிக் கல்யாண வீடுகளில் நடித்துக் காட்டுகிறவர்கள் யாரும் அங்கே இல்லை.

இதைக் கதையாக எழுத நான் நினைக்கவேயில்லை. எங்கள் மூத்தோர் சங்கத்தின் ஆண்டு மலருக்கு ‘படிகாரத்தின் பயன்கள்’ என்று ஒரு கட்டுரை கேட்டார்கள். [கேட்கவில்லை. நானே தருகிறேன் என்றேன்.] கலங்கல் தண்ணீரைத் தெளியவைக்கும் என்பது முதல் பயன். சவரம் செய்யும்போது வெட்டிக்கொண்டால் ரத்தத்தை நிறுத்தும் என்பது இரண்டாவது. வாசலில் கட்டினால் கண்ணேறு கழியும் என்பது மூன்றாவது. இரண்டாவதற்கும் மூன்றாவதற்கும் நடுவில் என் குடும்பம் வந்து நின்றுகொண்டது. அதற்குமேல் கட்டுரை நகரவில்லை.

பெரியநாயகம் வேறு யாரும் அல்ல, நான்தான். எங்கள் குடும்பத்து ஆண்கள் தங்களைப் பற்றி ‘நான்’ என்று எழுதுவதில்லை. தூரத்தில் நிறுத்திவைத்துப் பார்த்தால்தான் மரியாதை.* ஆகவே இனி ‘அவர்’.

* இந்தக் கதையில் தூரம் அதிகம் உதவவில்லை.

2.

முதலில் எழுதிய தொடக்கம்: “சேர்வராயன் மலைமேல் பனி மெல்ல இறங்கிக்கொண்டிருந்த அந்த” — வேண்டாம். இரண்டு நாள் தங்கிப்போகிறவர்கள் எழுதுவது அது.

இரண்டாவது: “பெரியநாயகம் யாருக்கும் தலை குனியாதவர்.” நன்றாக இருக்கிறது. எழுதியது யார் என்று நினைத்துப் பார்த்தால் அவ்வளவு நன்றாக இல்லை.

நடந்ததிலிருந்தே தொடங்குகிறேன். எண்பத்து மூன்றாம் வருஷம். அதுவரை பெரியநாயகத்துக்கு வீட்டுக்கே வந்து சவரம் செய்துகொண்டிருந்தவர், ஏரிப்பக்கம் சலூன் வைத்துவிட்டார். அங்கே போகலாம். ஆனால் பஸ்ஸில் வருகிறவர்கள் எல்லாரும் பார்க்க, சாய்நாற்காலியில் அண்ணாந்து கழுத்தைக் காட்டிக்கொண்டு கிடப்பது குடும்பத்துக்கு ஆகாது. ஒரு ரேசர் வாங்கினார். முதல் வாரமே கன்னத்தில் இரண்டு இடத்தில் வெட்டு. படிகாரம் வாங்கக் கடைவீதிக்குப் போனார்.

“படிகாரம் ஒரு கட்டி.”

“திருஷ்டிக்குத்தானுங்களே?” என்றார் கடைக்காரர்.

இந்த இடத்தில் ஒரு மனிதன் ‘இல்லை, சவரத்துக்கு’ என்று சொல்லியிருக்கலாம். அப்படிச் சொன்னால், பெரியநாயகம் தன் முகத்தைத் தானே சிரைத்துக்கொள்கிறார் என்பது இருட்டுமுன் கிளியூர்வரை போய்விடும். அவர் “ம்” என்றார்.

“அப்பக் கறுப்புக் கயிறும் சேத்துக் கட்டறனுங்க.”

“ம்.”

[கதை முழுவதும் இந்த இரண்டு ‘ம்’மில் தொங்குகிறது.]

படிகாரமும் கயிறும் ஒரே பொட்டலத்தில் வீட்டுக்கு வந்தால் மீனாட்சி என்ன நினைப்பாள்? அதுவும் பெண் பார்க்க வருகிற வாரத்தில்? இந்த மனுசனுக்கும் ஒரு வழியாக நல்ல புத்தி வந்தது என்று நினைத்தாள். தம்பி பெரியசாமியைக் கூப்பிட்டு, வாசல் நிலைக்கு மேலே உயரமாகக் கட்டச் சொன்னாள்.

3.

எனக்குச் சந்தேகம் தருகிற பாத்திரம் மீனாட்சி அல்ல. அவள் செய்தது முழுக்கச் சரி. பெரியநாயகத்தைத்தான் வாசகர் நம்புவாரா என்று தெரியவில்லை. தேவகுமாரிக்கு அதற்குமுன் இரண்டு வரன்கள் வந்தன. இரண்டு தடவையும் அவர் “யோசிச்சுச் சொல்றமுங்க” என்று சொல்லி அனுப்பினார். பெண்ணைக் கொடுக்கிறவன் அன்றைக்கே சரி என்று சொன்னால் எடை குறைந்துபோகும் என்பது அவர் கணக்கு. அவர் எடையோடு யோசித்துக்கொண்டிருக்கும்போதே அவர்கள் வேறு இடத்தில் நிச்சயம் செய்துகொண்டார்கள்.

செவ்வாய்ப்பேட்டைக்காரர்கள் பெண் பார்க்க வருகிற அன்று காலை தேவகுமாரி வந்து நின்றாள்.

“அப்பா, இந்த வாட்டியும் யோசிச்சுச் சொல்றம்னு சொன்னீங்கன்னா, அடுத்த வாட்டி யாரு வந்தாலும் நான் பாய்மேல வந்து உக்காரமாட்டனுங்க.”

“அதெல்லாம் பெரியவங்க பேச்சு. போ கண்ணு.”

“உங்களுக்கு அது பேச்சுங்கப்பா. பாயில உக்கார்றது நானு.”

அவள் போய்விட்டாள். அவருக்கு ஏதோ சொல்ல வந்தது. [என்ன சொல்ல வந்தது என்று பலமுறை எழுதி அடித்துவிட்டேன்.] ரேசரை எடுத்தார்.

முகம் பார்க்கும் கண்ணாடி, ஜன்னலில் மகளின் உயரத்துக்கு மாட்டியிருந்தது. கொஞ்சம் குனிந்தால் தாடை தெரியும். ஒரு கண்ணாடிக்காகக் குனிவதா என்று நிமிர்ந்து நின்று, உத்தேசமாக இழுத்தார். தாடை பிளந்தது.

4.

பெண் பார்க்க வருகிற நேரத்தில் பெண்ணின் அப்பா முகத்தில் ரத்தம். இதைவிடக் கெட்ட சகுனத்தை நானாகக் கற்பனை செய்திருக்க முடியாது. துண்டால் அழுத்தினார், நிற்கவில்லை. பொட்டலத்தைத் தேடினார், காணோம். வாசலுக்கு வந்து அண்ணாந்து பார்த்தார். அங்கே ஆடிக்கொண்டிருந்தது.

“அதுல கைய வெக்காதீங்க!” அடுப்பங்கரையிலிருந்தே மீனாட்சி சொன்னாள். “கட்டுனத அவுத்தா அத்தன கண்ணும் புள்ள மேலதான் உழுகும்.”

பெரியநாயகத்துக்குத் திருஷ்டியில் நம்பிக்கை கிடையாது. மீனாட்சியிடம் பயம் உண்டு.* அவிழ்க்கக் கூடாது, அவ்வளவுதானே? தாடையை நனைத்துக்கொண்டு, ஸ்டூலைப் போட்டு ஏறினார். கட்டி ஆடிக்கொண்டே இருந்தது. கயிற்றை ஒரு கையால் இறுக்கிப் பிடித்து, கழுத்தை நீட்டித் தாடையைத் தேய்த்தார். சுரீரென்று எரிந்தது, கண்ணை மூடிக்கொண்டார்.

ஜீப் வந்தது அப்போது.

* மீனாட்சி இதைப் படிப்பாள் என்பதால் ‘மரியாதை’ என்று திருத்திக்கொள்ளவும்.

அவர்கள் பார்த்தது இதுதான்: வாசலில் ஸ்டூல்மேல் ஒரு மனிதர். கழுத்தருகே கறுப்புக் கயிறு. பனியனெல்லாம் ரத்தம். கண் மூடியிருக்கிறது.

“அய்யோ சாமி! பொண்ணப் பெத்தவரு கயித்துல தொங்கறாருடா! ஓடு தம்பி!” என்று பாவாயி அலறினாள்.

பையனின் அப்பா குழந்தைவேலு ஓடிவந்து அவர் முழங்காலைக் கட்டித் தூக்கினார். ஸ்டூல் உருண்டது. பிறந்ததிலிருந்து தரையில் ஊன்றி நின்ற பெரியநாயகம், முன்பின் பார்த்திராத ஒருவர் தோள்மேல் வாழைத்தார் மாதிரி கிடந்தார்.

“விடுங்க சம்மந்தி! ஐயோ விட்டறாதீங்க! கெட்டியாப் புடிங்க சம்மந்தி!” என்று அங்கிருந்தே கத்தினார்.

‘சம்மந்தி’ என்ற சொல் எல்லார் காதிலும் விழுந்தது. பெரியசாமிதான் முதலில் வாய் திறந்தான்.

“மாமா… நீங்களா சொன்னீங்க? பாயே இன்னும் விரிக்கலீங்க மாமா!”

இத்தனை கூச்சலிலும் சத்தம் போடாத ஒருவன் மாப்பிள்ளைப் பையன் சேகர். உருண்ட ஸ்டூலை எடுத்து, அவர் கால் படுகிற இடமாகப் பார்த்து வைத்து, ஆடாமல் பிடித்துக்கொண்டான். கதவுக்குப் பின்னாலிருந்து ஒரு சிரிப்புச் சத்தம் வந்தது. தேவகுமாரி. அந்த வீட்டுக்குப் பெண் பார்க்க வந்த நாட்களில் அவள் சிரித்து யாரும் கேட்டதில்லை.

அந்தச் சிரிப்பை அவரும் கேட்டார். ஸ்டூல்மேல் நின்றபடி.

பாவாயி கூந்தலை அள்ளிச் செருகிக்கொண்டு முன்னால் வந்தாள். “ஏனுங்க, ஒருக்காச் சொன்னா வாய் தவறுனதுன்னு உடலாம். ரண்டு வாட்டி சம்மந்தின்னீங்க. சொன்ன சொல்லு நிக்குமுங்களா?”

5.

முடிவு அ: பெரியநாயகம் இறங்கி, துண்டை உதறித் தோளில் போட்டு, “பதட்டத்துல வந்த வார்த்தைங்க. யோசிச்சுச் சொல்றமுங்க” என்கிறார். ஜீப் திரும்புகிறது. இந்த முடிவில் குடும்ப கௌரவம் நிமிர்ந்து நிற்கிறது. பக்கத்தில் வேறு யாரும் நிற்கவில்லை.

முடிவு ஆ: அவர் கண்கலங்கி, கைகூப்பி, “எம் பொண்ணு இனி உங்க பொண்ணுங்க” என்கிறார். அவரைத் தெரிந்தவர்கள் நம்பமாட்டார்கள். எழுதிய எனக்கே கூச்சமாக இருக்கிறது.

முடிவு இ: ஸ்டூலிலிருந்து இறங்காமலே அவர் மகள் இருந்த கதவைப் பார்த்து

இல்லை. இதை எழுதமாட்டேன். அவர் சொன்னது ஒரே ஒரு வாக்கியம். பாவாயிக்குக் கேட்டது, கதவுக்குப் பின்னால் இருந்தவளுக்கும் கேட்டது. ஒரு தகப்பன் வாக்குக் கொடுத்தானா இல்லையா என்பதைச் சங்க மலரில் அச்சடிப்பது எங்கள் குடும்பத்தில் வழக்கமில்லை. வாசகர் அந்த ஸ்டூல்மேல் ஏறி நின்று தாமே பதில் சொல்லிக்கொள்ளட்டும். தேவகுமாரியின் இப்போதைய விலாசம் செவ்வாய்ப்பேட்டை என்பதை மட்டும் தெரிவிக்கலாம். அதற்குமேல் குடும்ப விஷயம்.

6.

இன்னொன்று. சரி என்று சொல்ல வாய் வராத பெரியநாயகம், ஜீப் சத்தம் கேட்டபிறகே ஸ்டூலில் ஏறினார், எல்லாம் அவர் முன்கூட்டிப் போட்ட திட்டம் என்று செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் ஒரு பேச்சு இருக்கிறது. அது பொய். அவ்வளவு சாமர்த்தியம் அவருக்குக் கிடையாது.