வில்ஃப்ரட்டின் கட்டில்

காலை பத்து மணிக்கு ஹெஸ்டர் பிரவுஸ் சர்ச் வாசலில் வில்லோ மரக் குச்சிகளைக் கொடுக்க ஆரம்பித்தார். ஆளுக்கு ஒன்று. அவருடைய குச்சி மட்டும் வார்னிஷ் அடித்தது.

வருடத்துக்கு ஒருமுறை எங்கள் ஊர் ஹாவெல்கோம் தன் எல்லையைச் சுற்றி நடக்கும். ஒவ்வொரு எல்லைக் கல்லையும் குச்சியால் அடிப்போம். யாராவது ஒருவரைத் தூக்கி அவருடைய பின்புறத்தைக் கல்லில் இடிப்போம். இடி வாங்கியவருக்கு எல்லை மறக்காது என்று ஒரு நம்பிக்கை. வரைபடம் இல்லாத காலத்தில் தொடங்கியது. வரைபடம் வந்த பிறகும் நிறுத்த யாருக்கும் தோன்றவில்லை.

ஹெஸ்டர் ஊர் வரலாற்றுக் கழகத்தின் தலைவர். நான் கழகத்தில் தேநீர்ப் பொறுப்பு. பிளாஸ்கைத் தூக்கிக்கொண்டு பின்னால் போவேன்.

இந்த வருடம் ஒரு சிக்கல். மார்ச்சிலிருந்து மழை இல்லை. மேய்ச்சல் நிலம் முழுக்கக் காய்ந்து, எப்போதோ தூர்ந்துபோன எல்லை வாய்க்கால் மட்டும் பச்சைக் கோடாகத் தெரிந்தது. நடைக்குச் சில நாள் முன் கொடி கட்டுவதற்காகச் சர்ச் கோபுரத்தில் ஏறிய ஹெஸ்டர் அதைப் பார்த்தார். கோடு ஆற்றிலிருந்து நேராக வந்தது. வில்ஃப்ரட் டாப்ஸ்காட்டின் வீட்டுக்குள் போனது. மறுபக்கம் வெளியே வந்தது.

கடைசி எல்லைக் கல் இருப்பதோ கோட்டைத் தாண்டி, வில்ஃப்ரட் தோட்டத்தின் கோடியில், பூச்செடிகளுக்கு நடுவில். அதைத்தான் இத்தனை வருடமாக அடித்துவந்தோம்.

ஹெஸ்டர் அன்றே போய்க் கேட்டார். நானும் கூட இருந்தேன்.

"கல்லை யாரு நகர்த்தினது, வில்ஃப்?"

"ஈனிட்."

"எப்போ?"

"படுக்கையறை சேத்துக் கட்டும்போது. கதவு வெக்கிற எடத்துல நின்னுது. தூக்கித் தெருவுல போட மனசு வரலைன்னா. செடிக்கு நடுவுல வெச்சா அழகா இருக்கும்னா. அழகாத்தானே இருக்கு?"

"அது எழுநூறு வருஷத்துக் கல்லு."

"அதான் பாசி நல்லாப் பிடிச்சிருக்கு."

"நீ தடுக்கலையா?"

"நான் தள்ளுவண்டியப் பிடிச்சுக்கிட்டு இருந்தேன்."

ஈனிட் வில்ஃப்ரட்டின் மனைவி. மூன்று வருடம் முன் சமையலறையில் ஜாம் கிண்டிக்கொண்டிருக்கும்போது விழுந்து இறந்தார். சர்ச் கல்லறையில், யூ மரத்தடியில் இருக்கிறார். கல்லறைக் கல்லின் மேல்பாதியில் அவர் பெயர். கீழ்ப்பாதி காலி. அந்தப் பாதியை வில்ஃப்ரட் அடிக்கடி போய் பிரஷ் வைத்துத் தேய்ப்பார். எழுத்து இல்லாத இடத்தில்தான் அழுக்கு சீக்கிரம் தெரிகிறது என்பார்.

கல்லறையில் இடம் குறைவு. ஊருக்குள் குடியிருப்பவர்களுக்கும், சர்ச்சுக்கு ஒழுங்காக வருகிறவர்களுக்கும்தான் என்று விதி. வில்ஃப்ரட் சர்ச்சுக்கு வருவதில்லை. முன்பிருந்த பாதிரியார் ஒரு அறுவடைத் திருநாளில் ஈனிட் கொண்டுபோன பூசணிக்காயைத் தூணுக்குப் பின்னால் வைத்துவிட்டார். அன்று வெளியே போன வில்ஃப்ரட் திரும்பி உள்ளே நுழையவில்லை. சர்ச் கூரையின் மழைக்குழாயை இப்போதும் அவர்தான் பழுதுபார்க்கிறார். வெளியிலிருந்து, ஏணி வைத்து.

ஆகவே அவருக்கு இருந்தது ஊர்க்காரர் என்ற உரிமை ஒன்றுதான். சமையலறை பழைய வீட்டின் கடைசி அறை. அதன் சுவரோடு சுவராகக் கோடு போனது. சமையலறை ஹாவெல்கோம். படுக்கையறை பக்கத்து ஊரான டிரெல்ஸ்டன்.

கழகம் கூடியது. வில்ஃப்ரட் தொப்பியைக் கழற்றாமல் முன்வரிசையில் உட்கார்ந்தார்.

"ஒருத்தர் எங்க தூங்குறாரோ அங்கதான் குடியிருக்கார்," என்றார் ஹெஸ்டர். "பழைய வழக்கம் அது. நான் உண்டாக்கினது இல்ல."

"நான் பாதித் தூக்கம் டிவி முன்னாடிதான் தூங்குறேன். டிவி ஹாவெல்கோம்ல இருக்கு."

"கட்டில்தான் கணக்கு, வில்ஃப்."

"கல்லு இருக்கிற எடத்துலயே இருந்துட்டுப் போகட்டுமே," என்றார் பாதிரியம்மா ஜோசலின். ஊருக்குப் புதிதாக வந்தவர்.

"தப்பான எடத்துல அடிச்சா அதுக்குப் பேரு எல்லை நடை இல்ல. உடற்பயிற்சி."

"அப்ப இருபது வருஷமா நீ நடத்தினது என்ன?" என்றார் வில்ஃப்ரட்.

ஹெஸ்டரின் கழுத்து சிவந்தது. "உடற்பயிற்சி," என்றார்.

பின்வரிசையிலிருந்து யாரோ, டிரெல்ஸ்டன் கல்லறையில் நிறைய இடம் இருப்பதாக ஆறுதல் சொன்னார்கள்.

"இருக்கும். சாக்கடை சுத்தம் பண்ற எடத்துக்குப் பக்கம். பொணமே மூக்கைப் பொத்திக்கும்." வில்ஃப்ரட் தொப்பியைக் கழற்றினார். "அங்க ஈனிட் இல்ல."

நான் தேநீர் ஊற்றினேன்.

"ஞாயித்துக்கிழமை சர்ச்சுக்கு வாங்களேன், வில்ஃப்ரட்," என்றார் பாதிரியம்மா. "பாட வேண்டாம். சும்மா உக்காந்தா போதும்."

"எங்க? தூணுக்குப் பின்னாலயா?"

"சரி, கட்டிலைத் தூக்கிச் சமையலறையில போட்டுக்கலாமே."

"வராது. அறைக்குள்ளயே வெச்சு நான் செஞ்சது. கதவைவிட அகலம்."

"பிரிச்சு மாட்டினா?"

"பசை போட்டு இறுக்கினது. பிரிச்சா வெறகுதான்."

"வேற கட்டில் வாங்கிக்கலாம் இல்லையா?"

"அதுல ஈனிட் படுத்ததில்லையே."

பாதிரியம்மா தேநீரைக் குடித்தார். ஆறிப்போயிருந்தது.

நடை நாளன்று முதலில் எல்லாம் வழக்கம்போலத்தான் போனது. ஆற்றங்கரைக் கல்லில் பாதிரியம்மாவைத் தூக்கி இடித்தார்கள். புதியவர் என்பதால் மெதுவாக. பகல் ஒரு மணி வாக்கில் பச்சைக் கோட்டைப் பிடித்துக்கொண்டு வில்ஃப்ரட் வீட்டுக்கு வந்தோம். பழைய இடத்தில் வைப்பதற்காகச் செடிகளுக்கு நடுவிலிருந்து கல்லைத் தோண்டித் தள்ளுவண்டியில் ஏற்றினோம். ஹெஸ்டர் அதன் மேல் ஒரு போர்வையைப் போட்டார்.

எல்லை நடையில் சுற்றிக்கொண்டு போகக் கூடாது. கோடு போகிற வழியே போக வேண்டும். சுவருக்குள் நடக்க முடியாது என்பதால் இரண்டு அணியாகப் பிரிந்தோம். ஹெஸ்டரும் நானும் தள்ளுவண்டியும் சமையலறை வழியாக. பாதிரியம்மாவும் மற்றவர்களும் படுக்கையறை ஜன்னல் வழியாக. பாதிரியம்மாவின் அங்கி ஜன்னல் கொக்கியில் மாட்டிக்கொண்டது. உள்பாவாடையோடு அடுத்த ஊருக்குள் குதித்ததாகச் சொல்ல வேண்டாம் என்று அவர் உள்ளிருந்து கேட்டுக்கொண்டார்.

இரண்டு அறைகளுக்கும் நடுவில் கதவு இல்லை. வில்ஃப்ரட் விடியற்காலையிலேயே கதவையும் நிலையையும் அறுத்து எடுத்திருந்தார். கட்டிலைத் திருப்பி, தலைமாட்டைச் சமையலறைப் பக்கம் வைத்திருந்தார். மெத்தை மேல் புதிதாகத் துவைத்த விரிப்பு.

"கல்லை வெக்கிறதுக்கு முன்னாடி," என்றார், "இவ்வளவு பேரு வந்திருக்கீங்க. ஒரு கை கொடுங்க."

அந்தப் பக்கம் பாதிரியம்மாவின் அணி தள்ளியது. இந்தப் பக்கம் நானும் வில்ஃப்ரட்டும் இழுத்தோம். கட்டில் பாதி வந்தது. நின்றது.

"இன்னும் கொஞ்சம் அறுத்திருக்கலாம்ல?" என்றேன்.

"அறுத்தேன். மிச்சம் இருக்கிறது வீட்டைத் தாங்குற சுவரு."

"பின்னால இழுக்கட்டுமா?" என்று படுக்கையறையிலிருந்து பாதிரியம்மாவின் குரல் கேட்டது. இழுத்தார்கள். கட்டில் பின்னாலும் போகவில்லை.

ஹெஸ்டர் அதுவரை ஒதுங்கி நின்று பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு முன்னால் வந்தார். வார்னிஷ் அடித்த குச்சியைக் கட்டில் சட்டத்துக்கும் சுவருக்கும் நடுவில் செருகி, உடம்பின் பாரத்தை எல்லாம் அதில் போட்டு நெம்பினார். கட்டில் அரை அங்குலம் இந்தப் பக்கம் வந்தது. குச்சி உடைந்தது.

உடைந்த துண்டைப் பார்த்தார். கோட்டுப் பையில் வைத்துக்கொண்டார். முழங்காலிட்டுக் கட்டிலுக்கு அடியில் குனிந்தார்.

"கல்லு நின்ன குழி, நிலை இருந்த எடத்துல அப்படியே இருக்கு," என்றார் அங்கிருந்தே. "கட்டிலுக்கு நேர் கீழ. இப்ப கல்லை எங்க வெக்கிறது, வில்ஃப்?"

வில்ஃப்ரட் பூட்ஸைக் கழற்றினார். சுவரோரமாக ஜோடியாக வைத்தார். கட்டிலில் ஏறி, இடப்பக்கம் ஓர் ஆள் படுக்க இடம் விட்டு, மல்லாந்து படுத்தார். தலை அடுப்புக்குப் பக்கத்தில் வந்தது. கால்கள் பாதிரியம்மா நின்ற பக்கம் இருந்தன. பின்புறம் சரியாகக் குழிக்கு மேல்.

ஹெஸ்டர் எழுந்து தூசியைத் தட்டினார். சமையலறையில் ஜாம் வாசனை இன்னும் இருந்ததாக எனக்குத் தோன்றியது. பிளாஸ்க் மூடியைத் திறந்தேன்.

"இடிச்சாச்சுன்னு வெச்சுக்க, ஹெஸ்டர்," என்றார் வில்ஃப்ரட், கூரையைப் பார்த்தபடி. "இப்ப சொல்லு. தலை இருக்கிற ஊர்ல பொதைப்பீங்களா, கால் இருக்கிற ஊர்லயா?"