தரை இறங்கட்டும்

ஞானகுமாரி இடது காலை எங்கே ஊன்றினாலும் அந்த இடத்தில் தரை ஒரு கட்டைவிரல் கனத்துக்குக் கீழே இறங்கிவிடும். மூன்று வயதில் ஒரு காய்ச்சல் வந்து போனதிலிருந்து இப்படி. பட்டாபிராமில் பாதுகாப்புத் தொழிற்சாலை ஊழியர்களின் குவார்ட்டர்ஸில் இருந்தவர்கள், குழாயில் தண்ணீர் காலை ஆறு மணிக்கு வரும் என்பதைத் தெரிந்து வைத்திருந்தது போலவே இதையும் தெரிந்து வைத்திருந்தார்கள். சிமெண்டு கட்டைவிரல் கனம் இறங்கும், வெயிலில் இளகிய தார் ரோடு இன்னும் கொஞ்சம் இறங்கும், மழை பெய்த மண்ணில் கணுக்கால் வரை போகும். மண் அடுத்த மழையில் தானாகத் தூர்ந்துகொள்ளும், சிமெண்டு தூராது. அதனால் அவர்கள் வீட்டில் முன்னறையிலிருந்து அடுப்படி வரைக்கும் இடது பாதங்களாகப் பதிந்து கிடந்தன, வயதுக்கு ஒரு அளவில். பராமரிப்பு ஆட்கள் வருஷத்துக்கு ஒருமுறை கலவை பூசிவிட்டு, காய்கிற வரைக்கும் பாப்பா வெளியே விளையாடட்டும் என்று சொல்லிவிட்டுப் போவார்கள். பக்கத்து வீட்டு லோகநாயகி தன் வாசலில் விழுந்த பள்ளங்களில் குருவிகளுக்கு நொய் போட்டு வைத்தாள்.

தரை இறங்கினால் கால் இறங்கத்தானே வேண்டும். ஞானகுமாரி ஒவ்வொரு அடிக்கும் இடப்பக்கம் சாய்ந்து நிமிர்ந்தாள். பள்ளிக்கூடத்தில் அவளைப் படகு என்று கூப்பிட்டார்கள். அவளுடைய அம்மா சகாயமேரி சொன்னதெல்லாம், தரையைக் குனிந்து பார்க்காதே, முன்னால் பார்த்து நட என்பதுதான். அவளும் அப்படியே நடந்து பள்ளியை முடித்தாள், பி.காம். முடித்தாள், தட்டச்சில் ஹையர் முடித்தாள். 1987இல் ஆவடியில் ஓர் அரசாங்கத் தொழிற்சாலையில் தட்டச்சர் வேலைக்குத் தேர்வானாள்.

மருத்துவப் பரிசோதனையில் நிறுத்தி வைத்தார்கள். நடை சரியில்லை. ஊனமுற்றோர் ஒதுக்கீட்டில் போகலாம் என்றால் அதற்குச் சான்றிதழ் வேண்டும். சான்றிதழ் தருகிற டாக்டர் அவளைப் படுக்க வைத்து இடுப்பெலும்பிலிருந்து கணுக்கால் வரை டேப் பிடித்தார். இரண்டு காலும் ஒரே அளவு. நடக்கச் சொன்னார்; சாய்ந்தாள். மறுபடி படுக்க வைத்து அளந்தார், ஒரே அளவு. நல்ல மனிதர், அவருக்கும் வருத்தம்தான். ஆனால் ஊனம் தரைக்கு என்று எழுத அந்தப் படிவத்தில் இடமில்லை. மூன்று மாதம் கழித்து மறுபரிசோதனைக்கு வரலாம் என்றார்கள்.

அந்த மூன்று மாதத்தில்தான் எல்லாம் இருந்தது. அப்பா அருள்தாஸ் அடுத்த மே மாதம் ஓய்வு பெறுகிறார். குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு, திருச்செந்தூருக்குத் தெற்கே கடற்கரையில் இருக்கும் சொந்த வீட்டுக்குப் போய்விடுவது என்று முப்பது வருஷமாக முடிவு செய்து வைத்திருந்தார். வேலை இல்லாவிட்டால் ஞானகுமாரியும் கூடப் போக வேண்டும். அந்த ஊரில் வாசல், தெரு, கோயில் முற்றம் எல்லாம் மணல். மணலில் அவள் இடது கால் முழங்கால் வரை போகும். பத்து வயதில் ஒரு கிறிஸ்மஸுக்குப் போனபோது பஸ் நின்ற இடத்திலிருந்து வீடு வரை அவளை மாமன்மார் மாற்றி மாற்றித் தூக்கிக்கொண்டு போனார்கள். லீவு முடிகிற வரை கட்டிலில் உட்கார்ந்து ஜன்னல் வழியே கடலைப் பார்த்தாள். அப்புறம் அந்த ஊருக்கு அவள் போனதே இல்லை. இப்போது போனால் அந்தக் கட்டிலை விட்டு இறங்கவே முடியாது என்பது அவளுக்குத் தெரியும், அப்பாவுக்கும் தெரியும்.

அம்பத்தூர் எஸ்டேட்டின் பின்பக்கம், லேத் பட்டறைகளுக்கு நடுவில், இக்னேஷியஸ் காலிப்பர் செய்துகொண்டிருந்தான். போலியோ வந்த பிள்ளைகளுக்கு அலுமினியக் கம்பியும் தோல் வாரும் முழங்கால் பூட்டும் வைத்த காலிப்பர், விபத்தில் அடிபட்டவர்களுக்கு ஊன்றுகோல், உயரம் கூட்டிய செருப்பு. கொரட்டூர்க்காரன், முப்பது வயது, கல்யாணம் ஆகவில்லை. தோல் வேலையெல்லாம் பட்டறையில் கூட இருந்த எத்திராஜ் பார்த்துக்கொண்டான். ஞானகுமாரி பட்டறைக்குள் வந்தபோது இக்னேஷியஸ் எல்லோருக்கும் செய்வதையே அவளுக்கும் செய்தான்: நிற்க வைத்து, இறங்கிய காலுக்கு அடியில் மரப்பலகை ஒன்று வைத்தான். பலகை தன் கனத்துக்குச் சமமாகக் கீழே போனது. இரண்டாவது வைத்தான், அதுவும் போனது. மூன்றாவதையும் விழுங்கிவிட்டுத் தரை பழைய கணக்கில் கட்டைவிரல் கனம் பாக்கி வைத்துக்கொண்டது. கால் மேல் தப்பே இல்லை என்று அவன் சொன்னான். அது எனக்குத் தெரியும் என்றாள் அவள்.

ஆனாலும் அவன் விடவில்லை. அவன் கையால் செய்தது யாருக்கும் பொருந்தாமல் போனதில்லை என்று ஒரு வீம்பு. ரப்பர் அட்டையை ஒன்றின் மேல் ஒன்றாக ஒட்டினான், தக்கை வைத்தான், அலுமினியத் தட்டு வைத்தான். செருப்பு உயர உயரப் பள்ளம் ஆழமானது. செருப்பு செங்கல் உயரத்துக்கு வந்த அன்று எத்திராஜ் ஊசியைக் கீழே வைத்தான். "இன்னா மச்சான், செருப்பு தெக்கிறமா, மாடிப்படி கட்டிகினு கீறமா?" என்று கேட்டான். ஞானகுமாரிதான் முதலில் சிரித்தாள். பிறகு இக்னேஷியஸ் தரையைத் தடுத்து நிறுத்தப் பார்த்தான். இடிந்த வீட்டிலிருந்து கருங்கல் படி ஒன்றும், பழைய இரும்புக் கடையிலிருந்து சாக்கடை மூடி ஒன்றும் வாங்கிவந்து போட்டு அவளை நிற்கச் சொன்னான். கல்லும் இறங்கியது, இரும்பும் இறங்கியது.

இரண்டு மாதம் இப்படிப் போனது. ஒரு சாயங்காலம் அவள் திருவள்ளூர் வண்டி பிடிக்கக் கிளம்பியபோது, எதிர்ப்பக்கம் கொரட்டூர் போக வேண்டியவன் அவளோடு ஏறிவிட்டான். ரயிலில் மட்டும் அவள் சாயமாட்டாள் என்று சொல்லியிருந்தாள், அதைப் பார்க்க வேண்டும் என்பது காரணம். உண்மைதான், கம்பியைப் பிடிக்காமலே நேராக நின்றாள். ஓடுகிற வண்டி இறங்கலாமா என்று யோசிப்பதற்குள் அடுத்த ஊர் வந்துவிடுகிறது என்று விளக்கம் சொன்னாள். அவன் கேட்டுக்கொண்டு, தண்டவாளத் துண்டு ஒன்று கிடைத்தால் அதைப் போட்டுப் பார்க்கலாம், அது இறங்காது என்று தொடங்கினான். அவள் ஜன்னலை விட்டுத் திரும்பினாள்.

"எதுக்கு அதோட சண்டை போடுதீங்க? இருவது வருசமா நானும் போட்டுப் பாத்தாச்சு. தரை இறங்கட்டும், அது இஷ்டம். நான் கூட இறங்க மாட்டேன். அதுக்கு ஒரு வழி இருக்கான்னு பாருங்க."

பட்டாபிராமில் அவனும் இறங்கினான்; அவள் போனதும் பிளாட்பாரத்தில் பதிந்த பள்ளங்களைப் பார்த்துக்கொண்டே நின்று, எதிர்வண்டி ஒன்றைத் தவறவிட்டான். மறுநாள் வேலை வேறு மாதிரி ஆனது. செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு, தொடையைச் சுற்றி ஒரு வளையம் வைத்தான்; உடம்பின் பாரம் அதில் உட்காரும். வளையத்திலிருந்து கீழே போகிற இரண்டு கம்பிகளையும் குடைக்கம்பு போலக் குழாய்க்குள் குழாயாகச் செய்து, உள்ளே லாரி இன்ஜின் ஸ்பிரிங்கையும் அடியில் பாத அளவில் ஒரு தகட்டையும் வைத்தான். தரை கீழே போனால் உள்குழாய் அதன் பின்னாலேயே போகும், மேலே கால் இருந்த இடத்திலேயே இருக்கும். முதல் ஸ்பிரிங் கொஞ்சம் வலுத்துவிட்டது. அவளைத் தூக்கி எதிரே இருந்த டீக்கடைக் கூரையில் வைத்தது. எத்திராஜ் ஏணி கொண்டுவந்து இறக்கினான். கடைக்காரர் கொடுத்த டீயைக் குடித்துவிட்டு, ரெண்டு சுத்து குறைங்க என்றாள் அவள். குறைத்தான். எஸ்டேட் ரோட்டில் பால்பூத் வரை நடந்து திரும்பிவந்தாள். ரோடு தன் பாட்டுக்கு இறங்கிக்கொண்டே வந்தது, அடிக்கு ஒரு தடவை குழாய் டக் என்றது, அவள் தோள் இரண்டும் ஒரே மட்டத்தில் வந்தன. லேத் பட்டறைக்காரர்கள் மெஷினை நிறுத்திவிட்டு வாசலில் நின்று பார்த்தார்கள்.

மறுபரிசோதனை, புதிதாக மொசைக் போட்ட தாழ்வாரத்தில் நடந்தது. மூன்று டாக்டர்கள் ஒரு கோடியில் உட்கார்ந்திருக்க, அவள் மறுகோடியிலிருந்து முன்னால் பார்த்து நடந்துவந்தாள். இடுப்பு சாயவில்லை. அவள் வந்த வழியில் பளபளக்கிற மொசைக்கில் இடது பாதங்கள் வரிசையாக விழுந்திருந்தன. மூத்த டாக்டர் அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். தகுதி பார்க்க வேண்டியது விண்ணப்பதாரரையா கட்டடத்தையா என்று பக்கத்தில் இருந்தவரிடம் தணிந்த குரலில் கேட்டுத் தெளிந்துகொண்டு, கையெழுத்துப் போட்டார். பள்ளங்களை அந்த வருஷத்து மராமத்துக் கணக்கில் சேர்த்துக்கொண்டார்கள்.

ஞானகுமாரி வேலையில் சேர்ந்தாள், அவள் பேரில் சின்ன குவார்ட்டர்ஸ் ஒன்று கிடைத்தது. அருள்தாஸ் ஓய்வுபெற்றதும் ஊருக்குப் போய் வீட்டுக்கு ஓடு மாற்றினார். சகாயமேரி மகளோடு இருந்தாள். இக்னேஷியஸ் ஸ்பிரிங்கைப் பார்க்க வந்துகொண்டிருந்தான். முதல் தடவை வீட்டு நம்பர் தெரியவில்லை, ஸ்டேஷனிலிருந்து பள்ளங்களைப் பிடித்துக்கொண்டே வந்துவிட்டான். பிறகு வாரம் ஒருமுறை வந்தான். கம்பி அவ்வளவு சீக்கிரமா தேயும் என்று சகாயமேரி மகளைக் கேட்டாள். மகள் அடுப்பைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை சகாயமேரியே அவனைக் கேட்டாள்.

"இந்த ஸ்பிரிங் எவ்வளவு காலம் வரும்?"

அவன் எண்ணெய்க் கையைத் துணியில் துடைத்தான். துடைத்து முடிக்க நேரம் எடுத்துக்கொண்டான். "அது வராது. ஆறு மாசம் வந்தா ஜாஸ்தி. ஆனா நான் கீற வரைக்கும் மாத்திகினே இருப்பேன்."

சகாயமேரி உள்ளே போய் இன்னொரு டம்ளர் காப்பி போட்டாள். 1989 தை மாதம் பட்டாபிராம் மாதா கோயிலில் கல்யாணம் நடந்தது. வாசலிலிருந்து பீடம் வரை சிவப்புத் தரையில் ஒரு வரிசைப் பள்ளம் விழுந்தது. ஈஸ்டருக்கு முந்தின இரவு அவற்றில் மெழுகுவர்த்தி நிறுத்த வசதியாக இருக்கிறதென்று, கோயில் வேலைகளைக் கவனிக்கிற கோயில் பிள்ளை அவற்றைப் பூச விடவில்லை.

வருஷங்கள் போயின. பையன் ஒருவன் பிறந்தான். அவன் நடந்த இடத்தில் தரை சும்மா இருந்தது. பட்டறைக்கு வேப்பம்பட்டிலிருந்தும் பூந்தமல்லியிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள், குழாய்க்குள் குழாய் வைத்த காலிப்பர் மேடுபள்ளத்தில் நடக்கிற எல்லோருக்கும் ஒத்துவந்தது. எத்திராஜ் தன் சைக்கிள் சீட்டுக்கும் ஒன்று செய்துகொண்டான். அருள்தாஸ் மட்டும் வருஷத்துக்கு ஒருமுறை கருவாட்டுப் பொட்டலத்தோடு ரயிலேறி வந்து மகளைப் பார்த்துவிட்டுப் போனார். 1994இல் முட்டி வலியால் அவரால் வரமுடியவில்லை. நான் போகிறேன் என்றாள் ஞானகுமாரி.

அந்த ஊர் மணல் முழங்கால் ஆழம் என்பதை யாரும் அவளுக்கு நினைவுபடுத்தவில்லை. இக்னேஷியஸ் நாலு மாதம் உட்கார்ந்தான். மூன்று அடுக்குக் குழாய், மணல் புகாமல் இருக்கத் தோல் உறை, அகலமான பாதம். எத்திராஜ் உறையை இரட்டைத் தையல் போட்டுக் கொடுத்து, "அண்ணி, கடல்ல எறங்கிடப் போறீங்கோ, அதுக்கு வேற மாடல்" என்று சொல்லி அனுப்பினான்.

கிறிஸ்மஸுக்கு முந்தின நாள் சாயங்காலம் பஸ் மணலுக்கு இந்தப் பக்கமே நின்றுவிட்டது. முன்பு தூக்கிப் போன மாமன்மார் நரைத்த தலையோடு காத்திருந்தார்கள். வேண்டாம் மாமா என்று அவள் இடது காலை ஊன்றினாள். மணல் திறந்துகொண்டு கீழே போனது, குழாயும் அதன் பின்னால் போனது. டக். வலது காலை எடுத்துவைத்தாள். மணல் இறங்கிக்கொண்டே இருந்தது, அவள் இறங்கவில்லை. நேராக, முன்னால் பார்த்து, கோயில் முற்றத்தைத் தாண்டி, வலைகள் காய்கிற இடத்தைத் தாண்டி அப்பா வீட்டுப் படி வரை நடந்தாள். அருள்தாஸ் வாசலில் கம்பை ஊன்றி நின்றிருந்தார். மகள் வந்து முன்னால் நின்றாள். "சாப்பிட்டியாம்மா" என்று கேட்டார்.

காலையில் அந்தக் குழிகளில் எல்லாம் தண்ணீர் ஊறி நின்றது. உப்புக் கரிக்கவில்லை, நல்ல தண்ணீர். பெண்கள் குடத்தோடு வந்து ஆளுக்கொரு குழியைப் பிடித்துக்கொண்டார்கள். கூட வந்திருந்த இக்னேஷியஸ் படியில் உட்கார்ந்து உப்புக்காற்றுக்குத் துருப்பிடிக்காமல் ஸ்பிரிங்குக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தான். யாரும் அவனிடம் எதுவும் கேட்கவில்லை. மேலத் தெருவிலிருந்து வந்த ஒருத்தி மட்டும், நிறைந்த குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டு, ஜன்னல் பக்கம் நின்றாள்.

"ஏ மக்கா, அடுத்த வருசம் வரும்போ எங்க தெரு வழியா நடந்து வா. இங்க உள்ளவளுவ தண்ணி எடுத்தது போதும்."

சரி அக்கா என்றாள் ஞானகுமாரி. மறுவருஷம் அப்படியே நடந்துபோனாள்.