படகு கவிழாத ஏரி

‘எங்கள் புதிய விளையாட்டில் தண்ணீர் எப்படி அசைகிறது தெரியுமா?’ என்று கணினியில் தட்டிவிட்டு நன்டாலே உடனே அதை அழித்தாள். எழுந்து ஜன்னலுக்குப் போனாள், திரும்பி வந்து உட்கார்ந்தாள், மறுபடி எழுந்தாள். கம்பாலாவின் ந்டிண்டாவில் ஒரு மருந்துக்கடையின் மாடியில் இருந்த அந்தச் சின்ன ஸ்டூடியோவில் மற்ற எல்லோரும் செல்போன் விளையாட்டுகளை உருவாக்கிக்கொண்டிருந்தார்கள். அவள் அவற்றைப் பற்றி வலைப்பூ எழுதினாள். அதை யாரும் படிக்கவில்லை. முதலாளி தும்வினே காலையில் அவள் மேசையோரம் நின்று சொல்லிவிட்டுப் போயிருந்தான்.

“தண்ணி அசையறது, நிழல் விழறதெல்லாம் எவனுக்கு வேணும்? மனுஷங்களப் பத்தி எழுது நன்டாலே. படிக்கிறவன் தட்டுல சோறு ஆறிப் போகணும்.”

விளையாட்டு ஏரியில் மீன் பிடிப்பதைப் பற்றியது. புயல் வரும், அலை எழும், வலை அறுந்து போகும். ஆனால் படகு மட்டும் கவிழாது. ஆடிப் பார்த்தவர்கள் எல்லோரும் அதைத்தான் குறையாகச் சொன்னார்கள். நிரலை எழுதிய லுபோவாவோ அதை மாற்றவே மாட்டேன் என்று இருந்தான். மதியம் கீழே சப்பாத்திக் கடையில், தோசைக்கல்லில் முட்டை பொரியும் சத்தத்துக்கு நடுவே அவனிடம் கேட்டாள்.

“என் ஏரியில படகு கவிழாது. அவ்வளவுதான்” என்று சிரித்தான். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, விரலில் ஒட்டிய எண்ணெயை நாளிதழ்த் துண்டில் துடைத்துக்கொண்டே சொன்னான். அவனுடைய ஊர் கடோசி, ஏரிக்கரை. பள்ளியில் படித்தபோது ஒருநாள் வலைக்குப் போகவேண்டிய முறை அவனுடையது. மறுநாள் கணக்குப் பரீட்சை இருந்ததால் தம்பி கிவூகாவைப் போகச் சொன்னான். படகு திரும்பவில்லை. “அம்மா இன்னைக்கும் அவனத்தான் திட்டறாங்க. சொல்லாம கொள்ளாம ஓடிப்போய் ஏரியில விழுந்தவன்னு. நான் அனுப்பினேன்னு இதுவரைக்கும் வாயத் தொறக்கல.”

அவள் மாடியேறி வந்து ஒரே மூச்சில் எழுதி முடித்தாள். விரல்கள் முதன்முறையாகத் தயங்கவில்லை. அலைகளின் தாலாட்டு என்று எழுதினாள், ஏரி ஒரு கண்ணாடியைப் போலத் தன் குற்றத்தை மூடிக்கொண்டது என்று எழுதினாள். படித்துப் பார்த்தபோது அவளுக்கே மயிர்க்கூச்செறிந்தது. லுபோவாவிடம் காட்டிவிட்டுத்தான் போடவேண்டும் என்று நினைத்தாள். அவன் மகளுக்குக் காய்ச்சல் என்று வீட்டுக்குப் போயிருந்தான். தும்வினே பின்னால் நின்று படித்துவிட்டு, “போடு, போடு” என்று நாற்காலியைத் தட்டினான். ஆங்கிலத்தில்தானே இருக்கிறது, கடோசியில் யார் படிக்கப் போகிறார்கள் என்று அவள் தனக்குத்தானே சொல்லிக்கொண்டு பொத்தானை அழுத்தினாள்.

அதற்குப் பிறகு அவளால் ஓரிடத்தில் இருக்க முடியவில்லை. டாக்சியில், குளியலறையில், சாப்பிடும்போது என்று எங்கும் போனைத் திறந்து திறந்து பார்த்தாள். எங்கிருந்தெல்லாமோ ஆட்கள் எழுதினார்கள், அழுததாகச் சொன்னார்கள். வெளிநாட்டு நிறுவனம் ஒன்று விளையாட்டைத் தாங்களே வெளியிடலாமா என்று கேட்டது. தும்வினே அலுவலகம் முழுவதற்கும் வறுத்த கோழி வரவழைத்தான். லுபோவா ஒரு துண்டைக்கூடத் தொடவில்லை. ஹெட்போனை மாட்டிக்கொண்டு திரையைப் பார்த்தபடி இருந்தான். ஒரு தடவை திட்டிவிட்டால்கூட நிம்மதியாக இருக்கும்போல இருந்தது அவளுக்கு. தம்பியை அனுப்பியது லுபோவாதான் என்ற அந்த ஒரு வரியை நீக்கினாள். ஆனால் அதற்குள் அது எங்கெங்கோ போய்விட்டது. ஓர் எஃப்.எம். வானொலியின் காலை நிகழ்ச்சியில் யாரோ அதை லுகாண்டா மொழியில் சொல்லிக்கொண்டிருந்ததைப் பேருந்து நிறுத்தத்தில் அவளே கேட்டாள்.

அந்த வாரக் கடைசியில் ஓர் அம்மாள் மாடியேறி வந்தார். நீண்ட கோமேசி உடை, இடுப்பில் அகலப் பட்டுக்கச்சை, கையில் காய்ந்த முகேனே மீன் வாசம் வீசும் ஒரு பை. வாசலில் நின்று மூச்சு வாங்கிக்கொண்டார்.

“லுபோவாவோட அம்மா நான். இங்க எழுதறது யாரு?”

நன்டாலே எழுந்தாள். பழக்கத்தில் முழங்கால் மடிந்தது. தரையில் மண்டியிட்டு வணக்கம் சொன்னாள். அவர் வணக்கத்தை வாங்கிக்கொண்டு, பையைப் பக்கத்து நாற்காலியில் வைத்துவிட்டு உட்கார்ந்தார்.

“ரேடியோக்காரன் பாதியச் சொன்னான், மீதிக்குப் பாட்டப் போட்டுட்டான். நீ முழுசாப் படி.”

“அது ஆங்கிலத்துல இருக்கும்மா.”

“நம்ம பாஷையில சொல்லேன். வாய் இருக்கில்ல?”

நீக்கிய வரியோடு முதலில் எழுதியது அவளுடைய கணினியில் இருந்தது. அதைத் திறந்தாள். சொல்லத் தொடங்கினாள். அலைகளின் தாலாட்டு என்ற இடம் வந்தது. லுகாண்டாவில் அதைச் சொல்ல நாக்கு எழவில்லை, விட்டுவிட்டாள். கண்ணாடியும் குற்றமும் வந்தன, அவற்றையும் தாண்டினாள். ஏரிக்கரையில் வாழ்நாளெல்லாம் இருந்த பெண்ணின் முகத்துக்கு நேரே அவற்றைச் சொல்ல முடியவில்லை. கடைசியில் மிஞ்சியது கொஞ்சம்தான்: ஒரு படகு, ஒரு பையன், காற்று. அந்த வரி வந்ததும் நிறுத்தினாள்.

“ஏன் நிறுத்திட்ட? ஓடிப்போனான்னு எழுதியிருக்கியா?”

“இல்லம்மா.”

“பின்ன?”

நன்டாலே திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். எழுத்துகள் நகர்வதுபோல் இருந்தது. தும்வினே ஏதோ சொல்ல வந்து, வாயை மூடிக்கொண்டு தன் அறைக்குள் போய்விட்டான்.

அறைக் கோடியில் லுபோவா ஹெட்போனைக் கழற்றினான். மேசைகளுக்கிடையே நடந்து வந்து தாயின் முன்னால் நின்றான். உட்காரவில்லை.

“அவன் ஓடிப்போகலம்மா. நான்தான் போகச் சொன்னேன். அன்னைக்கு என் முறை.”

கீழே மருந்துக்கடையில் யாரோ சில்லறைக்குச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். வாடகை மோட்டார் சைக்கிள் ஒன்று விடாமல் ஹாரன் அடித்தது. அம்மாள் மகனைப் பார்க்கவில்லை. கச்சையின் முடிச்சைத் தடவிப் பார்த்தார், அது அவிழ்ந்துவிட்டதோ என்பதுபோல.

“அவன் ஏன்னு கேட்டானா?” என்றார். “போகமாட்டேன்னு ஏதாச்சும் சொன்னானா?”

“இல்ல. சிரிச்சுக்கிட்டே போனான்.”

அவர் கையை நீட்டிப் பக்கத்து நாற்காலியில் இருந்த மீன் பையை எடுத்துத் தரையில், தன் காலோரமாக, சாயாமல் வைத்தார். நாற்காலி காலியாக இருந்தது. லுபோவா நின்றுகொண்டே இருந்தான்.