நல்ல நிறம்

அந்த மெஷின்கள் வந்து இறங்கிய நாளில் அக்கம்மாளுக்கு உண்டான சந்தோஷம் கொஞ்சநஞ்சமல்ல. இனிமேல் தொண்டைத் தண்ணீர் வற்றக் கத்த வேண்டாம், அவ்வளவுதான் அந்தச் சந்தோஷம். காரைக்குடியில் ஒரு தர்ம ஆஸ்பத்திரியில் இருபத்திரண்டு வருஷமாக நர்ஸ் வேலை. சர்க்கரை வியாதிக்காரர்களுக்குப் பாடம் சொல்லும் பொறுப்பு எப்படியோ அவள் தலையில் வந்து விழுந்து ஆறு வருஷம் ஆகிறது. ஊசியைக் கொதிக்க வைப்பது, மருந்தை அளவாக உறிஞ்சுவது, மூத்திரத்தைக் காய்ச்சி நிறம் பார்ப்பது என்று வாரத்தில் மூன்று நாள் ஒரே பாட்டு. கேட்கிறவர்கள் தலையை ஆட்டுவார்கள். அடுத்த மாதம் புண்ணோடு வந்து நிற்பார்கள். இவள் மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பிப்பாள்.

எழுபத்திரண்டாம் வருஷம் பெரிய டாக்டர் மதராசுக்குப் போய்விட்டு வந்து, காலம் மாறிவிட்டது, பாடத்தை இனி மெஷின் சொல்லும் என்றார். சுவரில் படம் காட்ட ஒரு மெஷின், பேச ஒரு டேப் ரிக்கார்டர். உள்ளூர் ஸ்டுடியோக்காரர் வந்து ஊசி, மருந்து பாட்டில், சோதனைக் குழாய் எல்லாவற்றையும் கறுப்பு வெள்ளையில் படம் எடுத்துக் கொடுத்தார். குரல் கொடுக்க வேண்டியது அக்கம்மாள். ராத்திரி டியூட்டி முடிந்து கண் எரியும் ஒரு காலைநேரத்தில் அவளை உட்கார வைத்துப் பேசச் சொன்னார்கள். முதல் தடவை காக்கா கத்தியது. இரண்டாம் தடவை பஸ் ஹாரன். மூன்றாம் தடவை அவளுக்கே இருமல் வந்துவிட்டது.

டாக்டர் இங்கிலீஷில் எழுதிக் கொடுத்த தாளில், நீலம் என்றால் மூத்திரத்தில் சர்க்கரை இல்லை, பச்சை என்றால் கொஞ்சம், மஞ்சள் என்றால் கூடுதல், செங்கல் நிறம் என்றால் மிக அதிகம் என்று வரிவரியாக இருந்தது. ஆனால் சுவரில் விழுந்த படத்தில் நாலு குழாயும் ஒரே சாம்பல் நிறம். அதைப் பார்த்து நர்சிங் படிக்கும் சீதை கேட்டாள்.

"சிஸ்டர், படத்துல நிறமே இல்லையே? எது நீலம், எது செவப்புன்னு சனங்களுக்கு எப்படித் தெரியும்?"

"நிறத்தை நான் நேர்ல காய்ச்சிக் காட்டிக்கிறேன். நீ சுவிட்சைப் போடு" என்றாள் அக்கம்மாள். நாலாவது தடவையும் கெட்டுப்போனால் அழுதுவிடுவோம் என்று அவளுக்கு இருந்தது. அதனால் அந்த வரிகளையெல்லாம் சுருக்கி, "நல்ல நிறம் வந்தால் மறுநாள் மருந்தில் இரண்டு யூனிட் குறைத்துப் போடுங்கள். கெட்ட நிறம் வந்தால் இரண்டு யூனிட் கூட்டிப் போடுங்கள்" என்று பேசி முடித்தாள். குரல் கணீரென்று இருந்தது. டாக்டர் கைதட்டினார்.

சொன்னபடி சில வாரம் நேரிலும் காட்டினாள். மெஷின் பேசி ஓய்ந்ததும் ஸ்பிரிட் விளக்கை ஏற்றி, நீலக் கரைசலைக் குழாயில் ஊற்றி, எட்டுச் சொட்டு மூத்திரம் விட்டுக் காய்ச்சி, நிறம் மாறுவதைக் கண்ணெதிரே காட்டினாள். அப்புறம் ஒருநாள் ஸ்பிரிட் வரவில்லை. இன்னொரு நாள் குழாய் உடைந்துவிட்டது. காலில் நரம்பு சுருட்டி வலி உயிரை எடுத்தது. மெஷின்தான் சொல்கிறதே, அதற்குமேல் நாம் என்ன சொல்லிவிடப் போகிறோம் என்று விட்டுவிட்டாள். அலுப்பு வந்துவிட்டால் மனுஷிக்கு எந்தக் காரணமும் நல்ல காரணமாகத்தான் தெரியும்.

அப்படி விட்ட ஒரு வாரத்தில்தான் வலையபட்டியிலிருந்து சிவசங்கரன் ஆசாரியும் அவர் மனைவி வள்ளிக்கண்ணும் வந்திருந்தார்கள். தங்கவேலை செய்கிறவர். ஒன்பது வயது மகள் ராமுத்தாய்க்குச் சர்க்கரை வியாதி. எலும்பும் தோலுமாக வந்த பிள்ளை, இரண்டு வாரம் வார்டில் இன்சுலின் போட்டதில் கன்னம் தேறியிருந்தது. இனி வீட்டில் தினமும் ஊசி போட வேண்டும். ஒருநாள் விட்டாலும் ஆபத்து, சேர்ந்தாற்போல விட்டால் பிள்ளை தங்காது என்று அக்கம்மாள் கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள்.

ஆசாரி ஊசியைத் தொடவே மறுத்துவிட்டார். "நகையில நடுங்காத கை, பிள்ளை தோல்ல நடுங்குது நர்சம்மா" என்றார். வள்ளிக்கண்ணுதான் எடுத்தாள். மூன்று நாள் கத்தரிக்காயில் குத்திப் பழகி, நாலாம் நாள் மகள் தொடையில் போட்டாள். பிள்ளை முகம்கூடச் சுளிக்கவில்லை. காய்ச்சி நிறம் பார்க்கும் வேலை ஆசாரிக்கு. நெருப்பும் நிறமும் அவர் தொழில்தானே என்று அக்கம்மாள் சிரித்துக்கொண்டே சொன்னாள். மெஷினைப் போட்டுக் காட்டி, கரைசல் பாட்டிலைக் கையில் கொடுத்து, பஸ் ஏற்றி அனுப்பினாள்.

ஒரு மாதம் கழித்து, ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு யாருடைய காரிலோ பிள்ளையைப் போட்டுக்கொண்டு வந்தார்கள். உடம்பெல்லாம் வேர்த்து நனைந்து, பல் கிட்டித்து, கண் செருகிக் கிடந்தாள். டாக்டர் பார்த்ததும் சர்க்கரை அளவுக்குமேல் இறங்கிவிட்டது என்று குளுக்கோஸை நரம்பில் ஏற்றினார். ஊசி முடிவதற்குள் பிள்ளை கண்ணைத் திறந்து, "அம்மா, கருப்பட்டி" என்றாள்.

வள்ளிக்கண்ணு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"காலையிலயும் இதத்தான் கேட்டா நர்சம்மா. கையி வெடவெடங்குது, ஒரு துண்டு கருப்பட்டி தாம்மானு கேட்டா. சீனி இன்னும் எறங்கலையேன்னு நாந்தேன் அடிச்சு ஒக்கார வச்சேன்."

டாக்டர் அக்கம்மாளை வெளியே கூப்பிட்டார். "பாத்தீங்களா, படிச்சுப் படிச்சுச் சொன்னாலும் அவங்க இஷ்டத்துக்குத்தான் செய்யறாங்க. சொன்ன முறைப்படி செய்யலைன்னு கேஸ் ஷீட்ல எழுதிடுங்க" என்றார். அக்கம்மாளுக்கும் கோபம்தான். பன்னிரண்டு யூனிட் என்று சொல்லி அனுப்பிய பிள்ளைக்கு எப்படி இந்தக் கதி வந்தது என்று கேட்கத்தான் ஆசாரியிடம் போனாள்.

"எத்தனை யூனிட் போட்டீக?"

"பன்னெண்டுதான் நர்சம்மா மொதல்ல. மூணு வாரம் நல்லாத்தான் இருந்துச்சு, நெறம் நல்லா வந்துச்சு. நல்லா இருக்கையில எதுக்குக் கொறைக்கணும்னு விட்டுட்டோம். போன வாரம் நெறம் கெட்டுப்போச்சு. நீங்க சொன்ன மாதிரி ரெண்டு கூட்டினோம். மறுநாளும் அதே கெட்ட நெறம். இன்னும் ரெண்டு கூட்டினோம். கூட்டக் கூட்ட நெறம் திரும்பவே மாட்டேங்குது. இன்னைக்கு இருவத்திரண்டு."

"கெட்ட நிறம்னா என்ன நிறம்?"

அவர் பதிலுக்கு அக்கம்மாள் காத்திருக்கவில்லை. சீதையைக் கூப்பிட்டு விளக்கை ஏற்றச் சொன்னாள். ஒரு குழாயில் வெறும் கரைசலைக் காய்ச்சினாள். அது நீலமாகவே நின்றது. இன்னொன்றில் வார்டில் கிடந்த வேறொரு நோயாளியின் மூத்திரத்தை விட்டுக் காய்ச்சினாள். பச்சையாகி, மஞ்சளாகி, கடைசியில் செங்கல் நிறத்துக்கு வந்தது. இரண்டையும் அவர் முன்னால் தூக்கிப் பிடித்தாள்.

"ஆசாரி, இதுல நல்ல நிறம் எது?"

அவர் யோசிக்கக்கூட இல்லை. செங்கல் நிறக் குழாயைத் தொட்டார்.

"இதுதான். நகையக் காய்ச்சி நெறம் ஏத்துறப்ப இப்பிடிச் செவக்கச் செவக்க வந்தாத்தானே எடுப்பா இருக்கும்? இந்தா இருக்கே நீலமும் பச்சையுமா, இது செம்புல பிடிக்கிற களிம்பு. அழுக்கு உள்ள இருக்குன்னு அர்த்தம்." சொல்லிவிட்டு, பாடம் ஒப்பித்த பிள்ளை மாதிரி அவள் முகத்தைப் பார்த்தார்.

சீதை வாயைப் பொத்திக்கொண்டாள். அக்கம்மாளுக்குக் கால்வலி தெரியவில்லை, ஒன்றுமே தெரியவில்லை. மருந்து பிடித்துச் சர்க்கரை இறங்கி நீலம் நின்ற ஒவ்வொரு நாளும் இந்த மனுஷன் பதறி மருந்தைக் கூட்டியிருக்கிறார். கூட்டியதால் மறுநாளும் நீலம். முதல் மூன்று வாரமும் சிவப்பைப் பார்த்துச் சந்தோஷப்பட்டிருக்கிறார், அப்போது மருந்தைக் குறைக்காமல் விட்டது சாமி செயல். முப்பது வருஷமாக நெருப்பு முன்னால் உட்கார்ந்து நிறம் பார்த்தவரிடம் போய், நல்ல நிறம் என்று மட்டும் சொல்லி அனுப்பியது யார்? சிரித்துக்கொண்டே வேறு சொன்னோமே என்று அவளுக்குத் தன்மேலேயே அருவருப்பாக இருந்தது.

டாக்டரிடம் போய்ச் சொன்னாள். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கெட்டவர் இல்லை அவர். "சரி, டேப்பை மாத்திப் பேசிடலாம். ஆனா இதை வெளியில சொல்லாதீங்க சிஸ்டர். ஆஸ்பத்திரி தப்பாச் சொல்லிக்கொடுத்துச்சுன்னு பேச்சுக் கிளம்புனா ஒருத்தனும் ஊசி போட்டுக்க மாட்டான். அதுலயும் உசுருதான் போகும்" என்றார். அதில் நியாயம் இல்லாமலும் இல்லை. அக்கம்மாள் வார்டுக்குத் திரும்பி வந்தாள்.

மறுநாள் காலை வள்ளிக்கண்ணு ஊசியைத் தொட மாட்டேன் என்றுவிட்டாள். வார்டு நர்ஸ் நீட்டிய டிரேயைத் தள்ளிவிட்டுக் கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள். "என் கையாலதான் தெனமும் குத்திக் குத்தி எம்பிள்ளையச் சாகக் கெடத்துனேன். இனி இந்தக் கை அவ மேல படாது" என்றாள். ஆசாரி துணிமணியை மூட்டை கட்டிக்கொண்டிருந்தார். நாட்டரசன்கோட்டையில் அம்மனுக்கு நேர்ந்துகொண்டு நாட்டு மருந்து பார்க்கப் போகிறார்களாம். ராமுத்தாய் கட்டிலில் உட்கார்ந்து இட்லி தின்றுகொண்டிருந்தாள். ஊசி இல்லாவிட்டால் இந்தப் பிள்ளை இன்னும் எத்தனை நாள் இட்லி தின்னும் என்று அக்கம்மாளுக்குத் தெரியும். பத்து நாள் தாண்டாது.

எத்தனையோ பேருக்குச் சொன்ன ஆறுதல் வார்த்தைகள் நாக்கு நுனியில் வரிசையாக வந்து நின்றன. ஒன்றைக்கூட எடுக்க அவளுக்கு மனம் வரவில்லை. "மூட்டையை அங்குட்டு வச்சிட்டு ரெண்டு பேரும் என்கூட வாங்க. பிள்ளையையும் கூட்டிக்கங்க" என்றாள்.

வகுப்பு நடக்கும் கூடத்தில் மாணவிகள் பதினான்கு பேர் உட்கார்ந்திருந்தார்கள். புதிதாக வந்த நோயாளிகள் ஆறேழு பேர் பெஞ்சில். டாக்டரும் ஓரமாக நின்றார். அக்கம்மாள் டேப் ரிக்கார்டரைப் போட்டாள். அவளுடைய கணீர்க் குரல் கூடம் முழுக்க ஒலித்தது. அந்த இடம் வந்ததும் நிறுத்தி, பின்னால் சுற்றி, மறுபடி போட்டாள். நல்ல நிறம் வந்தால் இரண்டு யூனிட் குறைத்து. கெட்ட நிறம் வந்தால் இரண்டு யூனிட் கூட்டி.

"இது என் குரல்" என்றாள். "நீலம் நல்லது, செவப்பு ஆகாதுன்னு இதுல ஒரு வார்த்தை இல்ல. டாக்டர் எழுதிக் கொடுத்திருந்தாரு, அலுப்புல நாந்தான் விட்டேன். குழாயில காய்ச்சிக் காட்டணும், அதையும் சோம்பேறித்தனத்துல நிறுத்திட்டேன். சீதை கேட்டா, அவ வாயையும் அடைச்சேன். இந்த ஆசாரி நெறம் கெட்டுச்சுன்னு நெனச்சு, நான் சொன்னபடிதான் கூட்டுனாரு. வள்ளிக்கண்ணு, உன் கை ஒரு யூனிட்கூடத் தப்பா அளக்கல. உன் கையில தப்பில்ல தாயி. தப்பு என் வாயில."

டாக்டர் தரையைப் பார்த்தார். பெஞ்சில் இருந்த ஒரு கிழவர் எழுந்து வெளியே போனார், அவர் திரும்பி வரவே இல்லை. டாக்டர் சொன்னது பலித்துவிட்டது என்று அக்கம்மாள் நினைத்துக்கொண்டாள்.

வள்ளிக்கண்ணு அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்ப எம்பிள்ளைய வச்சுத்தான் நீங்க பாடம் படிச்சீகளாக்கும்?"

"ஆமா" என்றாள் அக்கம்மாள். வேறென்ன சொல்ல முடியும்? அழுகை வந்தது. இந்த இடத்தில் அழுவதற்குத் தனக்கு உரிமை இல்லை என்று அடக்கிக்கொண்டாள்.

வள்ளிக்கண்ணு எழுந்து மேஜைக்கு வந்தாள். அக்கம்மாள் அன்று காலை மகளின் மூத்திரத்தைக் காய்ச்சி வைத்த குழாய் அங்கே நின்றது. வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள்.

"மஞ்ச. இது ஆகாத நெறம், அப்பிடித்தானே?"

"அப்பிடித்தான். ஆனா இது நேத்து போட்ட குளுக்கோஸு, மருந்தை ஏத்தாதே. இன்னைக்குப் பன்னெண்டுலதான் ஆரம்பிக்கணும்."

வள்ளிக்கண்ணு புருஷன் பக்கம் திரும்பி, "ஒங்க நகை நெறத்த இனி நகையோட வச்சுக்கங்க" என்றாள். ஆசாரி தலையாட்டினார். வள்ளிக்கண்ணு மேஜையிலிருந்த ஊசியை எடுத்து, மருந்தை உறிஞ்சி, கண்ணுக்கு நேராகப் பிடித்துப் பன்னிரண்டில் நிறுத்தினாள். பிறகு ஞாபகம் வந்தவளாகக் கேட்டாள்.

"எங்களுக்குப் போட்டுக் காட்டுன மாதிரி, வெறும் பேச்சா இன்னும் எத்தனை பேருக்குப் போட்டீக?"

"நாலு வீட்டுக்கு. சாக்கோட்டைப் பக்கம் ரெண்டு, இங்குட்டு ரெண்டு."

"நாலு வீடா?" அவள் குரல் உயர்ந்தது. "அப்பறம் இங்க எதுக்கு நிக்கிறீக? எம்பிள்ளைக்கு நான் போட்டுக்குவேன். நீங்க போங்க நர்சம்மா. எவ வீட்டுலயோ ஒரு பிள்ளை கருப்பட்டி கேட்டுக்கிட்டு நிக்கும்."

அக்கம்மாள் கரைசல் பாட்டிலையும் விளக்கையும் இரண்டு குழாயையும் துணிப்பையில் எடுத்து வைத்தாள். சீதை தானும் வருகிறேன் என்று செருப்பை மாட்டினாள். வாசலில் வெயில் ஏறியிருந்தது. நரம்பு சுருட்டிய காலை மெதுவாகப் படியில் இறக்கி வைத்து, சாக்கோட்டை பஸ்ஸைப் பிடிக்க நடந்தாள்.