கிளாம்ப் மாட்டாத சக்கரம்

தமிழ்செல்வி காரை ஒர்க்‌ஷாப் வாசலில் குறுக்கே நிறுத்திவிட்டு இறங்கினாள். கதவை அறைந்த வேகத்திலேயே மெக்கானிக் சமியுல்லாவுக்கு விஷயம் நல்லதில்லை என்று தெரிந்துவிட்டது.

"வந்து பாருங்க பாய். புது டயர், இருபது நாள்கூட ஆகல."

பின்டயர் இரண்டும் உள்பக்கம் வழவழவென்று தேய்ந்து, தடவிய விரலில் கம்பி குத்தியது.

பொதட்டூர்பேட்டை லுங்கிகளை மூட்டை மூட்டையாக ஏற்றிக்கொண்டு ஒருநாள் விட்டு ஒருநாள் சென்னைக்கு ஓட்டுகிறவள் அவள். பாரத்தில் பின்பக்கம் தாழ்ந்து, சக்கரங்களின் தலை உள்ளே சாய்ந்துவிடும். அதற்காகத்தான், புது டயரோடு சேர்த்து, சக்கரத்தைத் தாங்குகிற, நீளத்தைத் திருகிக் கூட்டவும் குறைக்கவும் முடிகிற இரும்பு ஆர்ம்களை வாங்கிப் பின்னால் பொருத்தினார் சமியுல்லா. அன்றைக்கே சொல்லியும் அனுப்பினார்: "கண்ணளவுலதான் வெச்சிருக்கேம்மா. மூட்டைய எறக்காம நேரா வீல் அலைன்மெண்டுக்குப் போங்க. மொதல்ல பின்சக்கரம், அப்புறந்தான் முன்சக்கரம்னு சொல்லுங்க."

"அப்படியேதான் சொன்னேன்! கனகம்மாசத்திரம் பக்கத்துல, அந்தப் பெரிய சென்டர்ல. எல்லாம் சரியா கீதுன்னு பேப்பர் குடுத்தாங்க. இன்னிக்கிக் கேட்டா, லோக்கல் மெக்கானிக் மாட்டுனதுல கோளாறுன்றாங்க."

அவள் நீட்டிய காகிதத்தில் நான்கு சக்கரத்தின் அளவும் பச்சையில், எல்லாம் சரி என்று அச்சாகியிருந்தது.

"ஏம்மா, பின்சக்கரத்துல அளவெடுக்குற கிளாம்ப் மாட்டுனாங்களா?"

"இல்லியே. முன்னாடி ரெண்டுல மட்டும்தான். நான் அங்கயே நின்னுகினு இருந்தேன்."

சமியுல்லாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அளக்காத சக்கரத்துக்கு அளவு எழுதிக் கொடுத்துவிட்டு, பழியைத் தூக்கி அவர் தலையில் போட்டிருக்கிறார்கள். இருபத்தாறு வருஷமாக வண்டிக்கு அடியில் படுத்துக் கிடக்கிறவன் லோக்கலாம்!

"ஏறுங்கம்மா, போவலாம்."

சென்டர் முதலாளி ராஜகோபால் கண்ணாடி அறையிலிருந்து எழுந்தே வரவில்லை. "இந்த மாடலுக்குப் பின்னாடி அட்ஜஸ்ட்மெண்டே கெடையாது பாய். கம்ப்யூட்டரே சொல்லுது."

"கம்பெனி ஆர்முக்குக் கெடையாது. நான் மாட்டுனதுக்கு உண்டு. நாலுலயும் கிளாம்ப் போடச் சொல்லுங்க."

"பேப்பர் குடுத்தாச்சே. பின்னாடி வண்டிங்க நிக்குது பாருங்க."

அதற்குள் தமிழ்செல்வி மூட்டைகளோடு காரை மேடையில் ஏற்றி, சாவியை உருவிக் கைப்பையில் போட்டுக்கொண்டாள். "அளக்காம எறக்க மாட்டேன்." பின்னால் நின்ற திருப்பதி டாக்சிகள் ஹாரன் அடித்தன. அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

வேறு வழியில்லாமல் ஆபரேட்டர் நான்கிலும் கிளாம்ப் மாட்டினான். திரையில் பின்சக்கரம் இரண்டும் ரத்தச் சிவப்பு.

சமியுல்லா அடியில் இறங்கி, பூட்டு நட்டைத் தளர்த்தி, இரண்டு பக்கத்து ஆர்மையும் அரைச்சுற்று திருகினார். திரையில் எண் இறங்கியது. இன்னும் கால் சுற்று. பச்சை. டாக்சி டிரைவர்கள் ஹாரனை விட்டுவிட்டுத் திரை முன்னால் வந்து நின்றார்கள்.

"அட்ஜஸ்ட்மெண்டே இல்லன்னீங்க?" என்று ஒருவர், அறையை விட்டு வெளியே வந்திருந்த ராஜகோபாலைக் கேட்டார்.

சாய்வு மாறினால் சக்கரம் பார்க்கும் திசையும் மாறும். அதையும் நேராக்கி நட்டை இறுக்கிய பிறகுதான் சமியுல்லா முன்சக்கரத்துக்குப் போனார். முடிந்தபோது முழங்கை வரை கிரீஸ்.

"பையன் புதுசு பாய், வுடுங்க" என்றார் ராஜகோபால்.

"பேப்பர்ல கையெழுத்து உங்களுது. என் வேலைல கோளாறில்லன்னு இந்தம்மாகிட்ட சொல்லுங்க."

ராஜகோபால் போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டார்.

திரும்பும் வழியில் வண்டி நூல் பிடித்தாற்போல் ஓடியது. "கோவத்துல உங்ககிட்ட கத்திட்டேன் பாய்" என்றாள் தமிழ்செல்வி.

"நீங்க கேட்டது நியாயம்மா. பதில் சொல்ல வேண்டியவன் வாயத் தொறக்கல பாருங்க, அதான் ஆற மாட்டேங்குது." திருத்தணி மலை கண்ணில் படும் வரைக்கும் அவர் பொருமிக்கொண்டேதான் வந்தார்.

அடுத்த வாரம் சமியுல்லா பள்ளிப்பட்டு டீச்சர் ஒருவரின் காருக்கு அதே ஆர்ம்களை மாட்டினார். மாட்டி முடித்ததும் ஷட்டரை இறக்கிப் பூட்டிவிட்டு, அலைன்மெண்டுக்கு அவரே கூடப் போனார்.