அடியில் கிடந்த குரல்

ஆம்ப்ளிஃபயரின் ஒரு முனையை அவளும் மறுமுனையை அவள் இசைக்குழுவின் டிரம்ஸ்காரனும் பிடித்து, கூடத்திலிருந்து சமையலறைக்கு நகர்த்தினார்கள். அப்பாவைக் கிடத்த இடம் வேண்டியிருந்தது. மில்லில், ஓடிக்கொண்டிருந்த தறிக்குப் பக்கத்தில், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவே இல்லை.

"ஞாயித்துக்கிழமைகூட வேலைக்கு ஓடினாரே. யார் கேட்டா?" என்று அம்மா சுவரைப் பார்த்துச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

அப்பா இருந்தால் அந்த வீட்டில் ஈகூட யோசித்துத்தான் பறக்கும். அவர் ஷிப்டுக்குக் கிளம்பிய பிறகுதான் ஒத்திகை. கிடார் இரைச்சலைப் பனிமூட்டம்போலப் பரப்பி, அதற்குள் அவள் குரலை அமுக்கிவிடுவது அவர்கள் பாணி. முதல் இசைத்தட்டைக் கேட்டு, கனவுக்குள் யாரோ முணுமுணுப்பதுபோல் இருக்கிறது, என்ன கலை என்று ஒருவர் எழுதியிருந்தார். கலையாவது கத்தரிக்காயாவது. எல்லாம் பயம். 'நீ கிளம்பிப் போனால்தான் இந்த வீடு மூச்சுவிடும்' என்பது முதல் பாட்டின் வரி. அது அப்பா காதில் விழக்கூடாது.

"பாடுறவங்கல்லாம் குரலைத் தூக்கச் சொல்லி உயிரை எடுப்பாங்க. நீ புதைக்கச் சொல்லி எடுக்குற" என்றான் கிடார்காரன். ஒலிப்பதிவின்போது, இன்னும் இறக்கு, இன்னும் இறக்கு என்று அவள் பக்கத்திலேயே நின்றாள். அப்பா ஒருமுறை கேட்டுவிட்டு, "இதுக்கு மிக்ஸியே தேவலாம்" என்றார். அவளுக்கு அப்பாடா என்றிருந்தது. அதன் பிறகு அவர் கூடுதல் ஷிப்ட் பார்க்க ஆரம்பித்தார். ஒத்திகைக்கு நேரம் தாராளமாகக் கிடைத்தது. பக்கத்து ஊர்களிலிருந்துகூட வாசிக்கக் கூப்பிட்டார்கள்.

உடல் வந்தது. கூடவே மில்காரர்கள் ஏழெட்டுப் பேர். அவர்களில் அப்பா 'நெட்டை' என்று கூப்பிடும் சிநேகிதர் அவளிடம் வந்தார்.

"உன் பாட்டை உங்கப்பன் எனக்குப் போட்டுக் காட்டினான், பாப்பா. நல்லாப் பாடுற."

"சத்தம்தான் கேட்டிருக்கும், மாமா."

"தறிச் சத்தத்துலயே பேசிப் பழகின காது எங்களுது. அடியில கிடக்குற பேச்சுதான் முதல்ல கேக்கும்."

"அப்பா என்ன சொன்னாரு?"

அவர் துண்டால் முகத்தைத் துடைத்தார். துடைத்து முடிக்க நேரமாயிற்று.

"'நான் இருந்தா பிள்ளைக்கு மூச்சு முட்டுதாம்டா'ன்னு சிரிச்சான். மறுநாளே ரெண்டாவது ஷிப்டுக்குப் பேர் கொடுத்துட்டான். நான்கூடத் திட்டினேன்."

அவள் விளக்கம் சொல்ல வேண்டிய ஆள் நடுக்கூடத்தில் படுத்திருந்தார்.

"ஏம்ப்பா, அவருக்கு உங்க பாட்டு ஒண்ணு போடுங்களேன்" என்று அம்மா டிரம்ஸ்காரனிடம் கேட்டாள். "முதல் பாட்டைப் போடு. அது நல்லா இருக்கும்."

வேண்டாம் என்று சொல்ல அவள் வாயைத் திறந்தாள். எந்த முகத்தோடு சொல்வது? அவன் போட்டுவிட்டான். கிடார்கள் எழும்பிக் கூடத்தை நிறைத்தன. அம்மா கண்ணை மூடிக்கொண்டு, "நீ என்ன சொல்றேன்னு இன்னைக்கும் புரியலடி. ஆனா கேக்க எவ்வளவு இதமா இருக்கு" என்றாள்.

அந்த வரி வந்தது. வாசற்படி ஓரம் நின்றிருந்த மில்காரர்கள், ஒருவர் பின் ஒருவராகத் தலையைக் குனிந்துகொண்டார்கள்.