காதில் விழாதவரை

தொலைபேசி அடித்தபோது கஜானி பால்செம்பைத் தூக்கக் குனிந்திருந்தாள். பிள்ளையார் கோயில் வீதியில் பறை முழங்கிக்கொண்டிருந்தது. அரசமரத்தின் கீழே அவளுடைய கணவன் கீர்த்திகன் பாயில் குப்புறக் கிடந்தான். சீவரத்தினம் அண்ணை அவனுடைய முதுகுத் தோலைக் கிள்ளி இழுத்துத் திருநீறு பூசிக்கொண்டிருந்தார். தூக்குக் காவடிக்கு முள்ளுகளைக் குத்தி, அவனை உழவு இயந்திரத்தில் கட்டிய மரத்தில் தொங்கவிட்டு, அம்மன் கோயில் வரை கொண்டுபோக வேண்டும்.

அழைத்தது நிவேதனா. கீர்த்திகனின் தம்பி நிருஷனுடைய மனைவி.

"அக்கா, சாவகச்சேரி ஆஸ்பத்திரியிலை நிக்கிறன். இவர் அங்கை வாறதுக்குத்தான் வெளிக்கிட்டவர். லொறி அடிச்சுப்போட்டுது." பிறகு மூச்சு மட்டும் கேட்டது. "ஆள் முடிஞ்சுது, அக்கா."

கஜானி செம்பைத் தொடவில்லை. குனிந்தபடியே நின்றாள். செம்பின் வாயில் கட்டிய மஞ்சள் துணியில் ஓர் எறும்பு ஊர்ந்துகொண்டிருந்தது.

சாவுச் செய்தி காதில் விழுந்த கணத்திலிருந்து துடக்கு. முப்பத்தொரு நாள் கோயில் வாசலை மிதிக்கக் கூடாது. காதில் விழாதவனுக்குத் துடக்கு இல்லை. போன வருடமும் இதே மரத்தின் கீழே கீர்த்திகன் முள்ளுக் குத்தக் குனிந்தபோதுதான், பெரியப்பா கனடாவில் செத்துப்போனார் என்று யாரோ சைக்கிளில் வந்து சொன்னார்கள். கீர்த்திகன் காவடி எடுக்காமலே எழுந்து வேட்டியை உதறிக்கொண்டு வீட்டுக்குப் போனான். மகள் ஆரணியின் இரத்தத்தில் வந்த புற்று சுகமானதற்கு அம்மனுக்கு வைத்த நேர்த்திக்கடன் அந்தக் காவடி. மாரி தொடங்குமுன் நோய் திரும்பிவிட்டது. இப்போது ஆரணி ஆஸ்பத்திரி வாட்டில் கிடக்கிறாள். கஜானியின் தங்கை அருந்ததி பக்கத்தில் இருக்கிறாள். இனி மருந்தை நம்பி ஒன்றும் சொல்லமுடியாது என்று நேற்று டொக்டர் சொன்னார். மிஞ்சியிருப்பது இந்தக் காவடிதான்.

"நிவே," என்றாள் கஜானி. கோயில் மதிலின் பின்னால் போய் நின்றுகொண்டாள். "ஆருக்கும் சொன்னனியோ?"

"உங்களுக்குத்தான் முதல். அத்தானை அனுப்பிவிடுங்கோ. நான் தனிய நிக்கிறன்."

"கொஞ்சம் பொறு. அவர் முள்ளுக் குத்தப் படுத்திருக்கிறார். காவடி இறங்கட்டும். ஒருத்தருக்கும் சொல்லாதை. பேஸ்புக்கிலை ஆரும் போடாமல் பார். சத்தம் போட்டு அழாதை."

மறுமுனையில் யாரோ தள்ளுவண்டியை இழுத்துப்போகும் சத்தம் வந்து தேய்ந்தது.

"என்னை அழவேண்டாம் எண்டு சொல்லுறியளோ, அக்கா?"

"ஓம்."

"ஆரணிக்காகவோ?"

"ஓம்."

"சரி," என்றாள் நிவேதனா. வைத்துவிட்டாள்.

கஜானி திரும்பி வந்தபோது அயல்வீட்டுப் பூரணம் மாமி செம்பை நீட்டினாள். "எங்கை போனனீ? இந்தா, தூக்கு."

"எனக்கு ஏலாது, மாமி." அவள் தலையைக் குனிந்தாள். "மாதத் தூரம் வந்திட்டுது."

"இண்டைக்கோடி உனக்கு நாள் பார்த்தது! அம்மாளாச்சிக்கு முன்னாலை வந்து நிண்டு…" மாமி செம்பைத் தன் மகளிடம் கொடுத்தாள். "தள்ளி நில். அவன்ரை கண்ணிலை படாதை."

அது கீர்த்திகனுக்குக் கேட்டுவிட்டது. படுத்தபடியே தலையைத் திருப்பிப் பார்த்தான். கண்ணில் கோபத்தைவிடப் பயம்தான் கூடுதலாக இருந்தது. "என்ன, கஜானி, இது?"

"நீங்கள் போங்கோ. நான் வெளியிலை நிக்கிறன்."

"நிருஷன் எங்கை? கயிறு பிடிக்கிறது அவனெல்லோ. போன் எடுத்தால் எடுக்கிறானில்லை. எந்தத் தேத்தண்ணிக் கடையிலை வடை திண்டுகொண்டு நிக்கிறானோ."

சீவரத்தினம் அண்ணை முதல் முள்ளை ஏற்றினார். "தம்பி வந்தாத்தான் ஏறுவன் எண்டால் அம்மன் நாளைக்கும் பார்த்துக்கொண்டிருப்பாவோ? கயிறு நான் பிடிக்கிறன். பல்லைக் கடி."

சிரிப்பு எழுந்தது. கீர்த்திகனும் சிரித்தான். கஜானி கைபேசியை முந்தானைக்குள் இறுக்கிக்கொண்டாள்.

உழவு இயந்திரம் அசைந்தது. கீர்த்திகன் மண்ணைப் பார்த்தபடி காற்றில் ஆடினான். முதுகிலும் கால்களிலும் தோல் கூடாரம்போல் இழுபட்டு நின்றது. ஊர்வலத்துக்குப் பின்னால், எவரும் தொடாத தூரத்தில், கஜானி நடந்தாள். வழியெல்லாம் ஆட்கள் கைபேசியை உயர்த்திப் படம் எடுத்தார்கள். ஒவ்வொரு கைபேசியும் அவளுக்குச் சைக்கிளில் வந்த அந்த ஆளாகத் தெரிந்தது. யாராவது ஒருவர் திரையைப் பார்த்து முகம் மாறினால் போதும்.

ஒரு வளைவில் வண்டி நின்றது. யாரோ அவனுக்கு இளநீர் பருக்கப் பார்த்தார்கள். அவன் குடிக்கவில்லை. தொங்கியபடி கூட்டத்துக்குள் தேடினான், தம்பியைத்தான். தேடிய கண் கடைசியில் அவளிடம் வந்து நின்றது. அவள் முகத்தை ஒழுங்காக வைத்திருக்கப் பார்த்தாள். முடியவில்லை. காலையில் வைத்த பூ தலையில் இல்லை. எப்போது எடுத்து எறிந்தாள் என்பது அவளுக்கே தெரியாது. மாதத் தூரத்துக்கு யாரும் பூவை எறிவதில்லை; சாவுக்குத்தான்.

பறை நிற்காமல் அடித்தது. அவன் பார்த்துக்கொண்டேயிருந்தான்.

"கஜானி," என்றான், பறைக்கு மேலால். "நிருஷன்…"

அவள் தன் வாயைப் பொத்தினாள்.

"வேண்டாம்," என்று கத்தினான் கீர்த்திகன். "ஒண்டும் சொல்லாதை. எனக்கு ஒண்டும் சொல்லாதை!" பிறகு சீவரத்தினம் அண்ணையிடம், "அண்ணை, ஆட்டுங்கோ. இன்னும் ஆட்டுங்கோ."

அவர் கயிற்றை இழுத்தார். "அரோகரா!" என்றது கூட்டம். அவன் கண்ணிலிருந்து வடிந்ததை வேதனைக் கண்ணீர் என்று நினைத்த பெண்கள் கைகூப்பினார்கள்.

அம்மன் கோயில் வாசலில் கஜானி நின்றுவிட்டாள். காவடி உள்வீதிக்குப் போய் மறைந்தது. மணி அடித்தது. வெறும் மணலில், கச்சான் கடலை விற்கும் வண்டியின் நிழலில் இருந்தாள். அம்மா, அவருக்குத் தெரியாது, என்று மனதுக்குள் சொன்னாள். மறுபடியும் சொன்னாள். மூன்றாம் தரம் சொல்லும்போது நாக்கு நின்றது. லொறி அடித்தபோதே அம்மனுக்குத் தெரிந்திருக்கும். தெரிந்துகொண்டுதான் உள்ளே இருக்கிறாள்.

கீர்த்திகன் நடந்து வந்தான். முள்ளுகள் கழற்றிய இடங்களில் திருநீறு சிவந்திருந்தது. அவளுக்கு முன்னால் மணலில் குந்தினான். அவனுடைய நெற்றியில் ஒட்டியிருந்த குங்குமம் இருவருக்குமிடையில் துகள்துகளாக உதிர்ந்தது.

"அம்மாளாச்சி இதை ஏத்துக்கொள்ளுவாவோ?" என்று கேட்டான். "என்ரை காதிலை விழேல்லைத்தானே. உண்மையா நான் கேக்கேல்லைத்தானே, கஜானி?"

அவள் முந்தானைக்குள் இருந்த கைபேசியை வெளியே எடுத்தாள்.

"சரி," என்றான். "இனிச் சொல்லு."

நிவேதனாவின் இலக்கத்தை அழுத்தி அவனுடைய காதில் வைத்தாள். முதல் மணியிலேயே எடுபட்டது. அந்தப் பக்கத்தில் காத்திருக்கும் மூச்சு மட்டும்.

கஜானி குனிந்து கைபேசியருகே வாயை வைத்தாள்.

"நிவே," என்றாள். "இனி அழு."